வெற்றுப் படிகள்

நண்பர் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு நீட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் தங்க எழுத்து. "முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு வச்சேன். ரெண்டாவது உனக்குத்தான்" என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியதாம். என் மனைவி பிற்பாடு சொல்லித்தான் தெரியும். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை.

"'அழைப்பிதல்'னு விழுந்திருக்கே. 'ழ்' வரணும்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"எத்தனை அடிச்சே?"

"அறுநூறு."

"கொடுத்தாச்சா?"

"நானூறு போயிடுச்சு."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "உள்ளேயும் ஒரு இடத்துல புள்ளி போயிருக்கு, பார்த்தியா?" என்று மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். காபி வந்தது. அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினார். தாம்பாளத்தை எடுத்துக்கொள்ள மறந்து, பாதிப் படியில் திரும்பி வந்து எடுத்துப் போனார். 35 வருஷ நட்பு. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில், ஒரே சோப்பில் குளித்தவர்கள் நாங்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல, விளக்கத்துக்காக. நான் புரூஃப் ரீடர். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த காலத்தில் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து, காலி புரூஃபின் ஈரம் காய்வதற்குள் சிவப்புப் பேனாவை வைக்கக் கற்றவன். இப்போது குரோம்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு பக்கத்தில் 1,500 எழுத்து சரியாக இருந்தால் அது என் கண்ணில் படாது. ஓர் ஒற்று மிகாமல் இருந்தால் அந்தப் பக்கமே அதுதான். பிழையே இல்லாத பக்கம் வந்தால் சந்தோஷப்பட மாட்டேன். 'எங்கேயோ கோட்டை விட்டுட்டோம்' என்று மறுபடி முதலிலிருந்து பார்ப்பேன். இந்தக் கண்ணை ஐந்து மணிக்குக் கழற்றிக் கண்ணாடிக் கூட்டில் வைக்க முடியுமா? முடியவில்லை. பஸ் போர்டு, ஓட்டல் பலகை, கோயில் கல்வெட்டு, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, மருமகள் எடுத்துவந்த புடவை எல்லாவற்றிலும் அதே கண்தான்.

எனக்குச் சாதகமாக ஒரு சாட்சியும் வைத்திருக்கிறேன். ராய் பவுமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் 2001இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். மனுஷ மனத்தில் நல்லதைவிடக் கெட்டதுதான் அழுத்தமாகப் பதிகிறது என்பது அதன் சாரம். பாராட்டைவிடத் திட்டு, லாபத்தைவிட நஷ்டம், நல்ல நாளைவிட மோசமான நாள். எல்லா மனுஷருக்கும் அப்படித்தான் என்றால் நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? இதை மகளிடம் சொன்னேன். "எல்லாருக்கும் பதியும்பா. எல்லாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க" என்றாள்.

அவள்தான் ரப்பர் பேண்டைக் கொண்டுவந்தாள். 2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் வில் போவன் என்ற பாதிரியார் தன் சபை மக்களுக்கு ஊதா நிறத்தில் ஆளுக்கொரு கைவளையம் கொடுத்தாராம். குறை சொன்னால் வளையத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்ற வேண்டும். தொடர்ந்து 21 நாள் மாற்றாமல் இருந்தால் நீங்கள் தேறியவர். எங்கள் வீட்டில் ஊதா வளையத்துக்கு எங்கே போவது? ஓட்டல் சாம்பார்ப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் கழுவித் துடைத்து என் இடது மணிக்கட்டில் மாட்டினாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட் ஒழுகியது. "ஒழுகுது" என்றேன். இடதிலிருந்து வலது. அது குறை இல்லை, தகவல் என்று வாதாடினேன். "சொன்ன தொனியைக் கேட்டேன்" என்றாள் மகள். பேப்பர் வந்தது. முதல் பக்கத் தலைப்பில் ஒருமை எழுவாய், பன்மைப் பயனிலை. வலதிலிருந்து இடது. மாடிக்காரர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து, தொட்டி நிரம்பி எங்கள் ஜன்னல் வழியாக அருவி. இடதிலிருந்து வலது. "காலையிலேயே ஆரம்பிச்சாச்சா" என்று மனைவி முணுமுணுத்தாள். "இதுவும் குறைதானே, உனக்கு எங்கே ரப்பர் பேண்ட்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதும் குறையாம். வலதிலிருந்து இடது. இன்னும் பல் விளக்கவில்லை.

அன்று ஒரு பதிப்பகத்துக்குப் போக வேண்டியிருந்தது. பீச் ரயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மணிக்கட்டை மாற்றிக்கொண்டே போனேன். மாம்பலம் வந்தபோது எதிர் சீட்டுப் பெரியவர் பொறுக்க முடியாமல் கேட்டார்: "என்ன சார், வேண்டுதலா?" "ஆமாங்க" என்றேன். "எந்தக் கோயிலுக்கு?" என்றார். சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு மணிக்கட்டிலும் சிவப்பாய்க் கோடு. என் பேனாவின் அதே சிவப்பு.

இரண்டாம் நாள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். வாய்விட்டுச் சொன்னால்தானே கணக்கு? பேசவே இல்லை. காலை எட்டு மணிக்குள் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பத்து மணிக்குக் கஷாயம் வந்தது. கஷாயத்தில் மிளகு தூக்கல். சொல்லவில்லை. அது என் வாழ்நாள் சாதனை. எழுத்தில் இன்றுதான் பதிவாகிறது.

ரப்பர் பேண்டுக்கு அடுத்தபடி நோட்டுப் புத்தகம். இதன் மூலபுருஷர் மார்ட்டின் செலிக்மன். இளமையில், 1967 வாக்கில், நாய்களை வைத்துச் சோதனை செய்தவர். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி பட்டுப் பழகிய நாய், பிறகு வழி திறந்திருந்தாலும் தப்பிக்க முயலாமல் படுத்துவிடும் என்று காட்டியவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் நேர்மறை உளவியலுக்கு வந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாராம். ஐந்து வயது மகள் களையைத் தூக்கி எறிந்து ஆடிப் பாடினாளாம். இவர் கத்தினார். குழந்தை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஐந்து வயதானதிலிருந்து சிணுங்குவதை நான் நிறுத்திவிட்டேன், என்னால் அது முடிந்தால் உன்னாலும் இப்படிச் சிடுசிடுப்பதை நிறுத்த முடியும் என்ற அர்த்தத்தில் சொன்னதாம். அவர் நெகிழ்ந்துபோனார். 1998இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது ஒரு புதுத் துறையையே நிமிர்த்தி நிறுத்தினார். எனக்கும் மகள்தான் சொன்னாள். எனக்குக் கிடைத்தது சாம்பார் ரப்பர் பேண்ட்.

செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பயிற்சி வருகிறது. ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுத வேண்டும், அவை ஏன் நடந்தன என்பதையும் சேர்த்து. எழுதியவர்களுக்கு மாதக்கணக்கில் பலன் இருந்ததாம். நானும் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி உட்கார்ந்தேன். முதல் இரவுப் பதிவை அப்படியே தருகிறேன்:

'ஒன்று: கரண்ட் நாற்பது நிமிடம்தான் போயிற்று. காரணம்: நேற்று இரண்டு மணி நேரம் போனதால் இருக்கலாம். இரண்டு: ரயிலில் இடம் கிடைத்தது. காரணம்: பக்கத்தில் இருந்தவர் என் தோளில் சாய்ந்து தூங்கக்கூடியவர் என்று மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மூன்று: ரசத்தில் இன்று உப்பு இருந்தது.'

மனைவி எடுத்துப் படித்தாள். "இது நன்றிக் குறிப்பா, எஃப்.ஐ.ஆரா?" என்று கேட்டாள். குறிப்பாக மூன்றாவதைப் பற்றி நீண்ட நேரம் பேசினாள். அவள் போன பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நோட்டை மறுபடி எடுத்து, 'போயிற்று' என்பதை 'போனது' ஆக்கலாமா என்று யோசித்து, ஓரத்தில் சிவப்பால் கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

இதற்கிடையில் எங்கள் தெரு ஆடிட்டர் பைக்கிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். நேர்மறையை வீட்டில்தான் செயல்படுத்த முடியவில்லை, வெளியிலாவது பார்ப்போமே என்று ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "கவலைப்படாதீங்க சார். நல்லவேளை, ஒரு கால்தானே! ரெண்டும் போயிருந்தா?" என்றேன். அவர் மனைவி என்னைப் பார்த்தார். நான் இன்னும் உற்சாகமாக, "இடுப்புல அடிபட்டிருந்தா எந்திரிக்கவே முடியாது. தலைன்னா கேட்கவே வேண்டாம்" என்று அவர் உடம்பில் மிச்சமிருந்த உறுப்புகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே மேலே போனேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நம்மவர்கள் சொல்வது ஒரு மூச்சில் முடிந்துவிடும். கேட்டவருக்கும் ஆறுதல். நான் அதைப் பொழிப்புரையோடு சொல்லிவிட்டேன். நர்ஸ் வந்து பார்வை நேரம் முடிந்தது என்றார். முடியவில்லை, இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பலகையில் எழுதியிருந்தது. 'பார்வையாளர்கள்' என்பதில் 'ள்' போய் 'ல்' விழுந்திருந்தது. ரப்பர் பேண்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

எமில் கூவேயின் வழியையும் விட்டுவைக்கவில்லை. 1857இல் பிறந்த பிரெஞ்சு மருந்துக் கடைக்காரர். மருந்தைக் கொடுக்கும்போது இரண்டு நல்ல வார்த்தை சேர்த்துக் கொடுத்தால் அது கூடுதலாக வேலை செய்கிறது என்று கவனித்தவர். தினந்தினம் எல்லா விதத்திலும் நான் தேறிவருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைக் காலையும் இரவும் 20 முறை முணுமுணுக்கச் சொன்னார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க ஒரு நூலில் 20 முடிச்சு. நானும் பந்து நூலில் முடிச்சுப் போட்டேன். ஏழாவது முடிச்சில் 'தினந்தினம்' சரியா 'தினம்தினம்' சரியா என்று சந்தேகம் வந்தது. எழுந்துபோய் அகராதி பார்த்தேன்.

அகராதிக்குப் பக்கத்தில் பழைய நன்னூல் உரை இருந்தது. புரட்டினேன். அதில் இருந்ததைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் தமிழையா நடத்தியது. தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. மங்கலம் என்றால் மங்கலமில்லாத சொல்லை நீக்கி மங்கலமான சொல்லால் சொல்வது. சுடுகாட்டை நன்காடு என்பது. ஓலையைத் திருமுகம் என்பது. கறுப்பாட்டை வெள்ளாடு என்பது. அமெரிக்காவில் சங்கத் தலைவர் வந்து சொல்வதற்கு எழுநூறு எண்ணூறு வருஷம் முன்னாலேயே இங்கே அதை இலக்கணமாக்கி, பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாகவும் ஆக்கிவிட்டோம். நான் இரண்டுக்கு இரண்டு வாங்கியவன்.

அம்மா நன்னூல் படித்ததில்லை. ஆனால் அவள் வாயில் வேறு மாதிரி வராது. விளக்கை 'அணை' என்றால் சத்தம் போடுவாள், 'குளிர வை' என்று சொல்ல வேண்டும். வாசலில் இறங்கும்போது 'போறேன்' கூடாது, 'போயிட்டு வரேன்'. தாலிக் கயிறு அறுந்தால் 'பெருகிடுச்சு'. அந்தி வேளையில் நான் எதையாவது 'விளங்காது' என்று சொன்னால், "வாயைக் கழுவுடா. மேல தேவதைங்க 'அப்படியே ஆகட்டும்'னு சொல்லிக்கிட்டே போயிட்டிருக்கும்" என்பாள். அந்தத் தேவதைகளுக்கு மற்ற வேளைகளில் வேலை இல்லையா என்று கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

கும்பகோணத்தில் இருந்தோம். அப்பா பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதினார். எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அம்மா அரிசிப் பானைக்குள் படியை விட்டாள். அடியில் 'டங்'கென்று தட்டியது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. படியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட போயி, அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொல்லிட்டு வா."

ஓடினேன். கடையில் அப்பா பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டியதுதானே? எனக்கு அது சரியான வாக்கியமாகப் படவில்லை. "வீட்ல அரிசி நிறைய இருக்காம்பா" என்றேன். நான் செய்த முதல் எடிட்டிங் அதுதான். அப்பா, "சரி, நல்லது" என்று கணக்கைத் தொடர்ந்தார். ராத்திரி அரிசி இல்லாமல், எங்களுக்கென்று ரெண்டு பழம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அரிசி நிறைய இருக்கும் வீட்டுக்குப் பழம் வாங்கலாம் அல்லவா? அம்மா பக்கத்து வீட்டில் ஓர் உழக்கு நொய் வாங்கிக் கஞ்சி வைத்தாள். "ராத்திரியில கஞ்சிதான் வயித்துக்கு லேசு" என்றாள். பழத்தை நாலாக வெட்டினாள். என்னை அடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நான் பிழையைப் பார்த்தால் சிவப்பில் வட்டம் போடுவேன். வட்டம் போட்டதும் என் வேலை முடிந்துவிடும். திருத்துவது கம்பாசிட்டர் பாடு. அம்மாவுக்குப் பானையின் அடிவயிறு தெரிந்திருந்தது, நிறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்காரவும் இல்லை. ஆள் அனுப்பினாள். ஆள்தான் சரியில்லை.

இந்த ஞாபகத்தின் வேகத்தில் ஒரு மாதம் உண்மையாகவே நல்லவனாக இருந்தேன். அந்த மாதத்தில்தான் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் புரூஃபுக்கு வந்தது. இந்த வகைப் புத்தகங்களுக்கு நான் புதியவன் அல்ல. மேன்ஷன் நாட்களில் எங்கள் அறையில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' இருந்தது. நண்பர் அதைப் படித்து பேங்க் பரீட்சை எழுதிப் பாஸானார். நான் அதில் அச்சுப்பிழை தேடினேன். இந்த முறை அப்படிச் செய்யக் கூடாது, ஆசிரியரின் நல்ல மனத்தோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். படித்தேன். தலையாட்டினேன். சில இடங்களில் ஓரத்தில் 'அருமை' என்றுகூட எழுதினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. கம்ப்யூட்டரில் திருத்தம் போடும் பெண் அதையும் திருத்தம் என்று நினைத்து வாக்கியத்தில் சேர்த்துவிட்டாள். நல்லவேளை, அதை அடுத்த புரூஃபில் பிடித்துவிட்டேன்.

பிடிக்காமல் விட்டது வேறு. நான்காம் அத்தியாயத்தின் தலைப்பு 'வெற்றிப் படிகள்'. ஓர் எழுத்து மாறிப் புத்தகம் முழுக்க, பொருளடக்கத்தில் ஒரு தடவை, அத்தியாயத் தொடக்கத்தில் ஒரு தடவை, பக்கத்தின் உச்சியில் பன்னிரண்டு தடவை, 'வெற்றுப் படிகள்' என்று அச்சாகிவிட்டது. ஆயிரம் பிரதி.

பதிப்பாளர் போன் செய்தார். நான் தயாராக இருந்தேன். கேப்ரியல் ஏட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் 2014இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். நல்லது நடந்துவிட்ட மாதிரியே இன்பமாகக் கற்பனை செய்தால் உடம்பு அதை நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு முயற்சி தளர்ந்துபோகிறது என்று அவர் சோதனைகளில் கண்டிருக்கிறார். ஆகவே தவறு நேர்மறைச் சிந்தனையின் மேல்தான் என்று விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். "சார், புரூஃப் பார்த்தது அந்த ஜெர்மன் அம்மாவா, நீங்களா?" என்றார்.

ஏன் கண்ணில் படவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வெற்றுப் படி என்றதும் அம்மாவின் படி மனசுக்குள் தட்டியிருக்க வேண்டும். தலைப்பு எனக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. ஆசிரியர் எவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறார் என்றுகூட நினைத்த ஞாபகம். அந்த 'அருமை'களில் ஒன்று அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பதினான்காயிரம் ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார்கள். ஒட்டும் பொறுப்பு எனக்கு. மூட்டை மூட்டையாகப் புத்தகம் குரோம்பேட்டைக்கு வந்தது. மனைவியும் மகளும் கைகொடுத்தார்கள். அப்புறம் யார் சொல்லித் தெரிந்ததோ, தாம்பாளத்தோடு வந்து போன அந்த நண்பரும் ஞாயிற்றுக்கிழமை காலை வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நிதானமாகச் சிரித்தார். அறுநூறில் நானூறு எங்கே, ஆயிரம் எங்கே? அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "உன் வீட்டுக் காபி இன்னிக்கு நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டிக்கர் கட்டு ஒன்றைப் பிரித்தபோது கையிலிருந்த ரப்பர் பேண்ட் அதில் மாட்டி 'பட்'டென்று போயிற்று. மகள் நிமிர்ந்தாள்.

"என்னப்பா, அறுந்துடுச்சா?"

"சீ, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன வார்த்தை? பெருகிடுச்சு."

மனைவி அடுப்படிக்குப் போய் இன்னொன்று எடுத்துவந்தாள். இது கொஞ்சம் தடிமன். எந்தக் கை என்று கேட்டாள். ஸ்டிக்கரில் 'வெற்றிப்' இருக்கிறதா, 'ப்' விட்டுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையையும் நீட்டினேன்.